யாரும் எழுந்திருக்க வேண்டாம்

நாற்காலியை விட்டு எழுந்திருக்காத குற்றத்துக்காக ஒரு நர்ஸைப் பணியிடைநீக்கம் செய்திருக்கிறார்கள் என்று கேட்டபோது விசிலக்கா முதலில் சிரித்தாள். ஃபோனில் சொன்னவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். உண்மைதான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த டீயை மேசையில் வைத்த வேகத்தில் பாதி வெளியே வந்து, மறுநாள் வகுப்புக்காக வெட்டி வைத்திருந்த அட்டைகளை நனைத்தது.

விசிலக்கா என்பது அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் விசிலக்கா. பல வருடம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது சுகாதாரத் துறையில் ஒப்பந்தப் பயிற்சியாளராக இருக்கிறாள். வெள்ளமோ தீயோ தொற்று நோயோ வந்தால், தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது கார் ஏறி வரட்டும் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்தப் பகுதியில் இருக்கிற நர்ஸும் சுகாதார ஆய்வாளரும் டிரைவரும் துப்புரவுக்காரரும் தாங்களே பொறுப்பெடுத்து நடத்த வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். ஒத்திகை நடுவே அதை ஊதினால், யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பாடம் எளிமையானது. ஒரு ஆரஞ்சு மேல்சட்டை இருக்கும். அதைப் போட்டிருப்பவர்தான் தலைமை. அவர் ஃபோன் பக்கத்தில் உட்கார வேண்டும்; இடத்தை விட்டு நகரக் கூடாது. மற்றவர்கள் தேடி வந்து சொல்வார்கள், கேட்டுக்கொண்டு போவார்கள். தலைமை மாற வேண்டுமென்றால் சட்டையைக் கழற்றி, நடந்ததை எல்லாம் வாயால் சொல்லி, அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் பதவியில் யார் பெரியவர் என்பதற்கு அங்கே வேலை இல்லை.

இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒத்திகை தொடங்கியதும் வண்டவாளம் தெரிந்துவிடும். விசிலக்கா கணவனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, 'பெரிய அதிகாரி'யாகக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே வருவாள். அவ்வளவுதான். ஃபோன் பேசிக்கொண்டிருந்தவர் ஃபோனைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார். மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை மறந்துவிட்டு எழுந்து நிற்பார். ஒரு தடவை, மயங்கிக் கிடக்கிற நோயாளியாக நடித்துக்கொண்டிருந்த சுகாதார ஆய்வாளர் படுத்த இடத்திலிருந்து எழுந்து, வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியோடு விறைப்பாக நின்றார்.

"நீங்க மயக்கமா இருக்கீங்க சார். படுங்க," என்றாள் விசிலக்கா.

விசில் பறக்கும். "செத்துட்டாங்க! நீங்க மரியாதை காட்டின நேரத்துல ரெண்டு பேர் செத்துட்டாங்க! அந்த மரியாதைய கொண்டுபோய் அவங்க வீட்ல குடுங்க!"

எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத நோய் இது, பெரியவரைக் கண்டால் முழங்கால் தானாக நிமிர்ந்துகொள்கிற நோய். பள்ளிக்கூடத்திலேயே தொற்றிக்கொள்கிறது, ஆயுசுக்கும் போவதில்லை. விசிலக்காவுக்கு அந்த நோய் மேல் தீராத ஆத்திரம். வருகிற ஆட்களுக்கெல்லாம் திரும்பத் திரும்ப அதே ஒத்திகையை வைத்துக் குணப்படுத்தப் பார்த்தாள்.

அந்த நர்ஸ் முதல் ஒத்திகையில் எழுந்த வேகத்தில் ஃபோன் வயரோடு மேசையே நகர்ந்தது. வாய் ஓயாத பெண். சிரித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். விசில் சத்தம் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது தடவையும் எழுந்தாள். மூன்றாவது தடவை தொடங்குவதற்கு முன்னால், ஆரஞ்சுச் சட்டையின் பின்பக்கம் தொங்கிய நாடாவை நாற்காலி முதுகில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"என் காலை நம்ப முடியாது மேடம். எந்திரிச்சா நாற்காலியும் கூடவே வரட்டும். அசிங்கமா இருக்குமேன்னாவது உக்காந்திருப்பேன்."

வகுப்பே சிரித்தது. ஆனால் அன்றைக்கு அதிகாரி வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், கண்ணாலேயே "அந்தப் பக்கம் நில்லுங்க" என்று காட்டினாள். விசில் ஊதப்படாமல் முடிந்த முதல் ஒத்திகை அது. அப்புறம்தான் கேட்டாள்:

"நிஜமாவே பெரிய சார் வந்தா என்ன மேடம் பண்றது?"

"நிஜமா வந்தா அவரும் ஒரு ஆளு. ஒண்ணு, வேலை செய்யட்டும். இல்ல, வெளிய நிக்கட்டும்."

பயிற்சியின் கடைசி நாளில் சுகாதாரத் துறை இயக்குநரே வந்திருந்தார். செய்தி வாசிப்பவரைப் போல நல்ல குரல் அவருக்கு. மேடையில் அந்த ஆரஞ்சுச் சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இனிமே தலைமை உங்க கையில. இந்தச் சட்டையை நீங்க போட்டிருந்தா, நானே வந்தாலும் நீங்க சொல்றதைத்தான் கேப்பேன்" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. விசிலக்காவும்தான் கை வலிக்கத் தட்டினாள்.

அந்தக் கைதட்டல் காதிலிருந்து மறைவதற்குள் மழை வந்தது. சந்தைத் தெருப் பக்கம் சாக்கடைக் குழாயும் குடிதண்ணீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் உடைந்து கிடந்தன. அந்த உடைப்பைப் பற்றித் தெருக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்கள். மழைத் தண்ணீர் இரண்டையும் சேர்த்துவைத்தது. காலையில் வாந்தியும் பேதியுமாக முதல் வீட்டுக்காரர்கள், அந்த நர்ஸ் வேலை பார்த்த சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். மத்தியானத்துக்குள் தெருவே வந்துவிட்டது.

நர்ஸ் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொன்னாள். பெஞ்சுகளைக் கட்டிலாக்கினாள். குழாயை மூடச் சொல்லி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்க ஆட்களை உட்கார வைத்து, லாரியில் நல்ல தண்ணீருக்கு ஏற்பாடு செய்து, ஆரஞ்சுச் சட்டையோடு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரிப் பாட்டில் மாட்டக் கம்பி இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி அதில் மாட்டினார்கள். கயிறும் நிறைந்ததும் ஆட்களே பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லோரும் தங்கள் காலாலேயே வீட்டுக்கு நடந்து போனார்கள்.

இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடைந்த குழாயை வேடிக்கை பார்த்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: இயக்குநர் உள்ளே நுழைந்தபோது அந்த நர்ஸ் ஏன் எழுந்திருக்கவில்லை?

வீடியோ எல்லோருடைய ஃபோனிலும் ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநருடைய உதவியாளரே எடுத்தது. நல்லதாக நாலு படம் போடலாம் என்று எடுத்திருக்கிறார், எப்படியோ நழுவி வெளியே வந்துவிட்டது. கதவு திறக்கிறது. இயக்குநர் வருகிறார். உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தவர்கள், பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தவர்கள், எல்லோரும் குபீரென்று எழுகிறார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரி மட்டும் எழவில்லை. சட்டென்று கேமராவுக்கு வெளியே எங்கோ பார்த்துக் கத்துகிறாள்: "தூக்கு! யாரும் எந்திரிக்க வேணாம், அவங்கவங்க வேலையப் பாருங்க!" பிறகு இயக்குநரைப் பார்த்து: "சார், நீங்க வெளிய நில்லுங்க." அவர் முகம் சுருங்குகிறது. அத்தோடு முடிகிறது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ பாட்டு வேறு சேர்த்துவிட்டார்கள்.

விசிலக்கா அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஒரு இடத்தில் படத்தைப் பெரிதாக்கினாள். ஆரஞ்சுச் சட்டையின் நாடா நாற்காலி முதுகில் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. 'வேண்டுமென்றே எழுந்திருக்காமல்' என்று குற்றப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்களாமே! அவள் எழ நினைத்திருந்தாலும் நாற்காலி விட்டிருக்காது.

மறுநாளே நர்ஸ் வீட்டுக்குப் போனாள். நர்ஸ் வேலைக்குப் போக முடியாத கோபத்தை எல்லாம் அடுப்படிப் பாத்திரங்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். அவள் கணவன், எலெக்ட்ரிஷியன், ஒரு ஸ்விட்ச்சைக் கழற்றி வைத்துக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்களாவது சொல்லுங்க மேடம். ஒரு மன்னிப்பு. தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை. வேலை திரும்பக் கிடைச்சிரும். இவ கேட்டாத்தானே?"

"தெரியாம நடக்கலையே," என்றாள் நர்ஸ், திரும்பாமலேயே. "தெரிஞ்சுதான் நடந்துச்சு. நான் மன்னிப்பு கேட்டா அடுத்த தடவை எல்லாரும் இன்னும் வேகமா எந்திரிப்பாங்க."

விசிலக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள். "நீ உக்காந்திருந்தது சரி. அது பாடம். ஆனா எதுக்குக் கத்தின? ஃபோன்ல இருக்கும்போது கத்துற ஆள் இல்லையே நீ. 'தூக்கு'ன்னு யாரைச் சொன்ன?"

நர்ஸ் தண்ணீர்க் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

"டென்ஷன் மேடம். வாய்க்கு வந்தது."

"பொய்."

"பொய்னே வெச்சுக்கோங்க."

வாய் ஓயாத பெண் வாயைப் பூட்டிக்கொண்டுவிட்டாள். எத்தனை கேட்டும் சாவி கிடைக்கவில்லை. விசிலக்காவுக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது. இது என்ன வீம்பு? நடந்ததைச் சொன்னால்தானே யாராவது வாதாட முடியும்?

விசாரணைக்கு முன்னால் இயக்குநர் விசிலக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். குளிரூட்டிய அறை. மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் காலியாகவே இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றாள்.

"உங்க பயிற்சி நல்ல பயிற்சி," என்றார் அந்த நல்ல குரலில். "எனக்கு அந்தப் பொண்ணு மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல. ஆனா ஒழுக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? நாளைக்கு ஒவ்வொரு ஆளும் ஒரு சட்டையை மாட்டிக்கிட்டு என்னை வெளிய நில்லுன்னு சொன்னா, இந்தத் துறை என்ன ஆகும்?"

"நீங்களே மேடையில சொன்னீங்களே சார்."

"அது மேடை." அவர் சிரித்தார், குழந்தைக்குச் சொல்வதைப் போல. "விசாரணையில உங்களைக் கேப்பாங்க. எழுந்திருக்கக் கூடாதுங்கிறது வகுப்புல நடந்த விளையாட்டு, நிஜத்துக்கு இல்லைன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான். உங்க ஒப்பந்தமும் முடியப் போகுது, இல்லையா? அதையும் பாத்துக்கலாம்."

பூசி மெழுகுவதில் மனிதர் கெட்டிக்காரர். மிரட்டல் என்று ஒரு சொல் கிடையாது. கேட்டவளுக்கு மட்டும் அது புரிந்தது. "யோசிக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"அவ்வளவு நேரமும் நின்னுக்கிட்டா இருந்த?"

"உக்காரச் சொல்லலையே."

"நாற்காலி இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. ரெண்டு."

"அப்ப உக்காந்திருக்கலாமே. அதுக்கு அவர் எதுக்குச் சொல்லணும்? நீதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற? என் பழைய கோட்டை மாட்டிக்கிட்டு உன் முன்னாடியும் ஒரு தடவை நான் வந்து பாத்திருக்கணும்."

கேலிதான். ஆனால் நறுக்கென்று தைத்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். எழுந்து போகிறோமே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. நோயைக் கண்டுபிடித்தவளுக்கே நோய் இருக்கிறது என்பது தெரிந்த பிறகு தூக்கம் எங்கே வரும்?

விசாரணை, தலைமை அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. நீள மேசை. நடுவில் விசாரணை அதிகாரி. வேறு துறையிலிருந்து வந்தவர், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்கிற முகம். பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெண். எதிரே நர்ஸ், சலவை செய்த சீருடையில். கடைசியாக இயக்குநர் உள்ளே வந்தார். விசாரணை அதிகாரி எழுந்தார். தட்டச்சுப் பெண் எழுந்தாள். நர்ஸ் உட்கார்ந்தே இருந்தாள்.

விசிலக்காவின் முழங்கால்கள் தாமாகவே நிமிரத் தொடங்கின. நாற்காலிக்கும் காற்றுக்கும் நடுவே பாதியில் தொங்கினாள். நர்ஸ் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தாள்; உதட்டோரத்தில் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. விசிலக்கா இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தன்னைக் கீழே அமுக்கினாள். உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாற்காலியில் உட்காருவதற்கு இத்தனை வயசு தேவைப்பட்டிருக்கிறது.

"நீங்கதான் பயிற்சியாளரா?" என்றார் விசாரணை அதிகாரி. "மேலதிகாரி வந்தா எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்க கத்துக்குடுத்தீங்களா?"

"கத்துக்குடுத்தேன் சார்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "வகுப்புல விளையாட்டா—"

"விளையாட்டு இல்ல சார்," என்றாள் விசிலக்கா. "நிஜத்துக்குத்தான் கத்துக்குடுத்தேன். ஆனா சரியா கத்துக்குடுக்கல, அதை எழுதிக்கோங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவங்க அத்தனை பேரும் என்கிட்ட படிச்சவங்க. அத்தனை பேரும் எந்திரிச்சாங்க. இவ ஒருத்திதான் உக்காந்திருந்தா. குத்தம்னா அதுதான் குத்தம். அத்தனை பேரும் வேலையப் போட்டுட்டு எந்திரிச்சதுக்கு என்னைக் கேளுங்க. ஒழுங்கா உக்காந்திருந்தவளைக் கொண்டுவந்து நிக்க வெச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் வயிறு எரியலையா?"

"பேச்சைப் பாத்துப் பேசுங்க," என்றார் இயக்குநர். குரலிலிருந்த செய்தி வாசிப்பு காணாமல் போயிருந்தது. "உங்க ஒப்பந்தம்—"

"தெரியும் சார். முடியப் போகுது."

விசாரணை அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். இருந்தாலும் பிரச்சினை உட்கார்ந்தது மட்டுமில்லை என்றார். அத்தனை பேர் முன்னாலும் இயக்குநரைப் பார்த்துக் கத்தியதாகப் புகார். அதற்குத் துறையின் சாட்சி, சுகாதார நிலையத்து டிரைவர். அவரைக் கூப்பிடுங்கள் என்றார்.

டிரைவர் உள்ளே வந்தார். உருண்டையான மனிதர், மழை முழுக்கத் தன் வண்டியில் நோயாளிகளை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து சேர்த்தவர். தற்காலிக வேலைதான், சந்தைத் தெருவிலேயே வீடு. அவரைப் பார்த்ததும் நர்ஸ் முதல்முறையாகக் கலவரப்பட்டாள். நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"நர்ஸ் கத்தினாங்களா?"

"கத்தினாங்க ஐயா."

இயக்குநர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"யாரைப் பாத்து?"

டிரைவர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். "என்னைப் பாத்து."

"அண்ணே, வேணாம்ணே," என்றாள் நர்ஸ். "விடுங்க. என் பாட்டை நான் பாத்துக்கிறேன்."

"நீ சும்மா இரும்மா. எத்தனை நாளைக்கு நீயே சுமப்ப?" அவர் விசாரணை அதிகாரியிடம் திரும்பினார். "ஐயா, நான் பாட்டில் பிடிச்சிட்டு நின்னேன். கயித்துல இடமில்ல. கையை இப்படி மேல தூக்கி வெச்சிருக்கணும்னு இந்தம்மா சொல்லிக்குடுத்தாங்க."

வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். விரல்கள், அங்கே இல்லாத பாட்டிலைப் பிடித்திருந்தன.

"கதவு திறந்துச்சு. ஐயா வந்தாங்க. நான் அரசாங்க வண்டி ஓட்டுறவன். ஐயாவைப் பாத்தா சல்யூட் அடிக்கணும். கையில பாட்டில் இருக்கு. அதை பெஞ்சுல வெச்சுட்டு சல்யூட் அடிச்சேன்."

"வெச்சா என்ன?" என்றார் விசாரணை அதிகாரி.

விசிலக்காவுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. வீடியோவில் கேமராவுக்கு வெளியே பாய்ந்த நர்ஸின் பார்வை, 'தூக்கு' என்ற அந்தக் கத்தல், வாயைப் பூட்டிக்கொண்ட வீம்பு, எல்லாம். உண்மையைச் சொன்னால் தற்காலிக டிரைவருக்கு வேலை போகும், அதைவிடப் பெரிதாக ஏதோ போகும் என்று இந்தப் பெண் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள்.

"பாட்டில் கீழ போனா மருந்து உள்ள போகாது சார்," என்றாள் விசிலக்கா மெதுவாக. "ரத்தம் டியூப்ல திரும்பி மேல ஏறும்."

"ஏறிச்சு," என்றார் டிரைவர். "நான் பாக்கல. நான் ஐயாவைப் பாத்துட்டிருந்தேன். இந்தம்மாதான் அங்கிருந்து பாத்தாங்க. 'தூக்கு'ன்னு கத்தினாங்க. எனக்கு உறைக்கவே இல்ல. சல்யூட்லயே நிக்கிறேன். அப்புறம் குனிஞ்சு பாத்தா டியூப் முழுக்கச் சிவப்பா இருக்கு. பக்கத்துல இருந்தவங்க ஊசியை எடுத்துட்டு மறுபடி நரம்பு தேடிக் குத்தினாங்க. காஞ்சுபோன உடம்புல நரம்பே கிடைக்கல. ரெண்டு கையிலயும் கால்லயும் தேடினாங்க."

"நோயாளி யாரு?"

நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களைத்தான் கேக்குறேன். யாருக்குப் பாட்டில் பிடிச்சிட்டிருந்தீங்க?"

"என் பொண்ணுக்குங்க," என்றார் டிரைவர். "ஒத்தைப் பொண்ணு. இப்ப தேவலை, பள்ளிக்கூடம் போறா. அதே பெஞ்சுலதான் உக்காருறா." அவர் உதடு கோணிற்று. "சொந்தப் பொண்ணுங்க. அவ உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதைக் கீழ வெச்சுட்டு சல்யூட் அடிச்சிருக்கேன். எந்த அப்பனாவது செய்வானா? யோசிச்சுக்கூடச் செய்யல, அது பாட்டுக்குக் கை இறங்கிருச்சு."

காட்டுவதற்காகத் தூக்கிய டிரைவரின் வலது கை இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது.

இயக்குநருக்கு அதைப் பார்க்க முடியவில்லை. பார்வையை மேசைக்கும் ஜன்னலுக்கும் திருப்பினார். எங்கே திருப்பினாலும் அந்தக் கை கண்ணில் பட்டது.

"சரிப்பா, சரி," என்றார். "கையை இறக்கு."

டிரைவர் அவரை நேராகப் பார்த்தார்.

"மாட்டேன் ஐயா," என்றார். "ஒரு தடவை இறக்கிட்டேன்."